லாந்தர்க்காரர்களின் இயந்திரத் துப்பாக்கி

ஆறு துப்பாக்கிகள் மேசைமேல் வரிசையாகப் படுத்திருந்தன. ஒரே வரைபடம், ஒரே தகடு, ஒரே தொழிற்சாலை. அவற்றில் மூன்று, தோட்டாப் பட்டை தீரும்வரை சுட்டன. மற்ற மூன்றும் ஏழாவது தோட்டாவிலோ பதினோராவதிலோ பத்தொன்பதாவதிலோ மூச்சடைத்து நின்றன. ஏன் நின்றன என்று இஞ்சினியர் ஆல்வின் போமிக்குக்குத் தெரியவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பெர்லினிலிருந்து கேப்டன் ஃபோன் டெம்னிட்ஸ் வருவதாகத் தந்தி வந்திருந்தது.

ஆல்வினின் சட்டைப்பையில் மடித்து வைத்த மஞ்சள் காகிதம் ஒன்று இருந்தது. இந்த மனிதர் இல்லாமல் தொழிற்சாலை நடக்காது, ஆகவே இவரைப் படைக்கு அழைக்க வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. கேப்டன் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. போன முறை வந்தபோது மூன்று துப்பாக்கிகள் நின்று போனதைப் பார்த்துவிட்டு, அவர் மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

"ஹெர் போமிக், வெள்ளிக்கிழமை ஆறும் சுடணும். சுடலைன்னா நீங்க இல்லாமயே இந்தத் தொழிற்சாலை நடக்கும்னு எனக்குப் புரிஞ்சுடும். படையில தோட்டாப் பெட்டி தூக்க ஆள் பத்தல."

தோட்டாப் பெட்டி தூக்குவதைப் பற்றி ஆல்வினுக்குப் பயமில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வெடிக்கப்போகும் சாமானைப் பற்றித்தான் பயம். கதவு அறைந்து சாத்தினாலே தோளைக் குறுக்கிக்கொள்கிற மனிதர் அவர். மூன்று வருடத்துக்கு முன், துப்பாக்கி வேலை வந்த புதிதில், இயந்திரத் துப்பாக்கிக்காரர்களுக்கு நடத்தும் பயிற்சி முகாமுக்கு அவரை அனுப்பினார்கள். இரண்டு வாரமும் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டே கற்றார். குறிப்பெடுக்கக் கை ஒழியவில்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

ஆற்றங்கரையில் இருந்த அந்தத் தொழிற்சாலை அறுபது வருடமாக லாந்தர் விளக்குத்தான் செய்தது. மாட்டுத் தொழுவ லாந்தர், ரயில்வே லாந்தர், வண்டியின் அடியில் தொங்கும் குட்டி லாந்தர். சாக்சனி மாகாணத்தில் எந்தப் பசுவைக் கேட்டாலும் அந்த விளக்கை அடையாளம் சொல்லும். அப்படிப்பட்ட இடத்துக்குத் துப்பாக்கி எப்படி வந்தது என்றால், தகட்டின் வழியாக வந்தது. அப்போது படையில் இருந்த இயந்திரத் துப்பாக்கியை எஃகுக் கட்டியிலிருந்து கடைந்து, குடைந்து, அராவி எடுத்தார்கள். கருங்கல்லைச் செதுக்கிச் சிலை எடுப்பதுபோல. பன்னிரண்டு கிலோ துப்பாக்கிக்கு ஐம்பது கிலோ எஃகு போயிற்று. மீதி முழுக்கத் தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது. ஆல்வின் அதைப் பார்த்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல், "இதைத் தகட்டுலயே அழுத்தி மடிச்சு ஒட்டிடலாமே, லாந்தர் மாதிரி" என்று முதலாளியிடம் சொன்னார். தன் வாயால் கெட்டது தவளை மட்டுமில்லை.

ஆனால் அவர் சொன்னது சரி. தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து ஓங்கி ஓர் அழுத்து; துப்பாக்கியின் உடல் பிறந்துவிடும். இரண்டு ஓரத்தையும் மடித்துப் பற்றவைத்தால் முடிந்தது. உள்ளே இருந்த பூட்டு விஷயம்தான் ஆல்வினுக்கு உயிர். யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

தோட்டா வெடித்ததும் குழலும், அதன் பின்வாயை அடைத்துக்கொண்டிருக்கும் தாழ்க்கட்டையும் ஒன்றாகப் பின்னால் நகரும். தாழ்க்கட்டையின் தலையில் இரு பக்கமும் இரண்டு குட்டி உருளைகள் உண்டு. பூட்டியிருக்கும்போது அவை வெளியே நீட்டி, குழலின் வாலில் இருக்கும் குழிகளில் உட்கார்ந்திருக்கும். கதவைத் திறக்கவிடாமல் நிலையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கும் ஆளைப்போல. ஒரு விரல் அகலம் பின்னால் போனதும், உடலின் உட்புறம் இருக்கும் சரிவுகள் அந்த முழங்கைகளை உள்ளே தள்ளும். ஆள் கையை மடக்கியதும் கதவு திறந்துகொள்ளும். குழல் அங்கேயே நின்றுவிடும், தாழ்க்கட்டை மட்டும் பின்னால் பறக்கும். போகிற போக்கில் காலியான தோட்டாக் கூட்டை இழுத்துக்கொண்டு போய், உடலின் அடியில் இருக்கும் வாய் வழியாகக் கீழே தட்டிவிடும். சுருள்வில் அதை மறுபடி முன்னால் தள்ள, அடுத்த தோட்டாவை வாரிக்கொண்டு போய்க் குழலில் திணிக்கும். இவ்வளவும் ஒரு விநாடியில் இருபது தடவை நடக்கும்.

மூன்று துப்பாக்கிகளில் நடக்கவில்லை.

புதன்கிழமை காலை, சுட்டுப் பார்க்கும் கொட்டகையில் ஆல்வினும் கார்ப்பரல் க்ரிகோலைட்டும் உட்கார்ந்தார்கள். அது நீளமான செங்கல் கொட்டகை. முன்பு ஒரு முனையில் பெரிய விசிறியை ஓடவிட்டு, லாந்தரின் சுடர் காற்றில் அணைகிறதா என்று பார்ப்பார்கள். இப்போது மறு முனையில் மணல் மூட்டைகள். க்ரிகோலைட் கிழக்குப் பிரஷ்யாக்காரர், பிரான்சில் சண்டை போட்டு வந்தவர், துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கவென்றே படை அவரை இங்கே அனுப்பியிருந்தது. அவருக்கு ஆறு அத்தைமார். துப்பாக்கியும் ஆறு என்பதால் வந்த அன்றே பெயர் வைத்துவிட்டார்.

"இரண்டாம் நம்பர் பெர்த்தா அத்தை. பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டா. நாலாம் நம்பர் மின்னா அத்தை. அவளும் வேகமாத்தான் பேசுவா, ஆனா நடுவுல என்ன சொல்ல வந்தோம்னு மறந்துட்டு வாயைத் திறந்தபடி நிப்பா."

"மின்னா அத்தையையே முதல்ல வைங்க" என்றார் ஆல்வின், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டே.

மின்னா அத்தை பன்னிரண்டு தோட்டா சுட்டாள். துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம், அப்புறம் அமைதி. க்ரிகோலைட் மேல்மூடியைத் திறந்து பார்த்தார். காலிக் கூடு ஒன்று தாழ்க்கட்டையின் முகத்துக்கும் குழலுக்கும் நடுவே குறுக்காக மாட்டிக்கொண்டு நின்றது.

"தொண்டையில எலும்பு" என்றார் க்ரிகோலைட்.

குளிர்தான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். ஜனவரி மாதம், எண்ணெய் இறுகியிருக்கலாம். மூன்று துப்பாக்கிகளையும் கம்பளியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். அந்த வழியாக வந்த முதலாளி, மூன்று பச்சைக் குழந்தைகள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். பிறகு விஷயம் தெரிந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். கதகதப்பாக எழுந்த துப்பாக்கிகள் மறுபடி ஒன்பதிலும் பதினான்கிலும் பதினாறிலும் நின்றன.

"சரி, குளிர் இல்லை" என்றார் ஆல்வின். "இப்போ ஒழுங்காப் பண்ணுவோம். பெர்த்தாவோட குழலைக் கழற்றி மின்னாவுக்குப் போடுங்க. மின்னாவோடது பெர்த்தாவுக்கு."

இது ஆல்வினுக்குப் பிடித்த வேலை. நோய் எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால், நல்ல உடம்பிலிருந்தும் கெட்ட உடம்பிலிருந்தும் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பார்க்க வேண்டும். நோய் எந்த உறுப்போடு போகிறதோ அங்கேதான் அது குடியிருக்கிறது. அச்சில் பிறந்த துப்பாக்கி என்பதால் எந்த உறுப்பும் எதிலும் பொருந்தும். செதுக்கிய துப்பாக்கியில் இந்த வசதி கிடையாது.

குழலை மாற்றினார்கள். பெர்த்தா சுட்டாள், மின்னா நின்றாள். தாழ்க்கட்டையை மாற்றினார்கள். பெர்த்தா சுட்டாள், மின்னா நின்றாள். சுருள்வில்லையும் மேல்மூடியையும் மாற்றியும் அதே கதை. மாலைக்குள் மின்னா அத்தையிடம் சொந்தமாக இருந்தது தகட்டு உடல் ஒன்றுதான். மற்றதெல்லாம் பெர்த்தாவுடையது. அப்போதும் பதினோராவது தோட்டாவில் நின்றாள்.

"அப்போ நோய் உடல்ல இருக்கு" என்றார் ஆல்வின் மகிழ்ச்சியாக. பிறகு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்து மகிழ்ச்சி போயிற்று.

உடலை வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்தார். வரைபடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அளவுகள். இருநூற்றுப் பன்னிரண்டும் சரியாக இருந்தன. பெர்த்தாவின் உடலையும் அளந்தார். அதுவும் சரி.

"முன்னணியில இது எப்படிங்க?" என்று கேட்டார், அளவுகோலைத் துடைத்துக்கொண்டே. கேட்டிருக்க வேண்டியதில்லை.

க்ரிகோலைட் காபிக் கோப்பைக்குள் பார்த்தார். அந்த ஊர்க் காபி அவ்வளவு நீர். கோப்பையின் அடியில் வரைந்த பூ தெளிவாகத் தெரியும்.

"பழைய துப்பாக்கின்னா எதிர்ல இருக்கிறவன் தடதடன்னு எண்ணலாம். எண்ணிக்கிட்டே குழிக்குள்ள விழலாம். இதுல எண்ண முடியாது, சார். ஒண்ணுன்னு சொல்றதுக்குள்ள முடிஞ்சு போகும்."

லாந்தர் செய்த காலத்தில், பசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் இப்படிப் பதில் வராது. ஆல்வின் மஞ்சள் காகிதம் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை காலை க்ரிகோலைட் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்.

"என்ன ஆச்சு?"

"பெர்த்தா அத்தை கடிச்சுட்டா. நேத்து சுத்தம் பண்றப்போ." அவர் விரலைப் பெருமையாகக் காட்டினார். "பிரான்சுல ஒரு கீறல் இல்லை எனக்கு. லாந்தர் கம்பெனியில ரத்தம் சிந்தினேன். மெடல் குடுப்பாங்களா?"

ஆல்வின் சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க."

"ஏன்?"

"இங்க யாருக்கும் வெட்டக் கூடாது."

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். லாந்தர் என்பது இருட்டில் கையால் தடவி எடுக்கிற சாமான். தகட்டின் வெட்டுவாய் கத்திபோல இருக்கும். அதை அப்படியே விட்டால், விடியற்காலையில் மாட்டுக்காரனின் விரல் போய்விடும். அதனால் லாந்தரின் ஒவ்வொரு விளிம்பையும், துளையின் விளிம்பைக்கூட, ஒரு கோதுமை மணியின் தடிமனுக்கு உட்பக்கமாகச் சுருட்டி மடித்துவிடுவார்கள். அந்தத் தொழிற்சாலையில் இதற்கென்றே ஒரு நீள மேசை, பதினான்கு பெண்கள், தலைவியாக ஹுல்டா ஸைட்லர். எந்த லாந்தராவது யாருடைய கையையாவது வெட்டிவிட்டால், அதை முடித்தவர் மேசை முழுவதற்கும் ஐயெர்ஷெக்கே செய்து கொண்டுவர வேண்டும். பாலாடைக்கட்டியும் முட்டையும் மூன்று அடுக்காக வைத்துச் சுடும் கேக் அது. அறுபது வருடப் பழக்கம். சமாதானக் காலத்தில் அது ஒரு வேடிக்கை. இப்போது ரேஷன் சீட்டுக்கு வாரம் ஒரு முட்டைதான். கேக்குக்கு எட்டு வேண்டும். ஒரு வெட்டுக் காயம் ஒரு குடும்பத்தையே இரண்டு மாதம் முட்டையில்லாமல் செய்துவிடும். அதனால் யாராவது விரலை வெட்டிக்கொண்டாலும் வெளியே காட்டமாட்டார்கள். ஆல்வினே திங்கட்கிழமையிலிருந்து கையுறை போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்.

அவர் மெதுவாகக் கையுறையைக் கழற்றினார். மூன்று விரலில் துணிக் கட்டு.

"அட, உங்களையுமா கடிச்சா?" என்றார் க்ரிகோலைட். "எந்த அத்தை?"

"இது பெர்த்தா. இது ஐந்தாம் நம்பர். இது முதலாம் நம்பர், நான் கையால செஞ்சது, ஹுல்டா அம்மா மேசைக்கே போகலை."

"மின்னா?"

"மின்னா கடிக்கலை."

"மூணாம் நம்பர், ஆறாம் நம்பர்?"

"அதுங்களும் கடிக்கலை."

க்ரிகோலைட் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "என் குடும்பத்துலயும் அப்படித்தான், சார். கடிக்கிற அத்தைங்கதான் வேலை செய்வாங்க."

ஆல்வின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சுடுகிற மூன்று துப்பாக்கிகளும் வெட்டுகின்றன. நிற்கிற மூன்றும் வெட்டவில்லை. எழுந்து மின்னாவைப் புரட்டிப் போட்டு, காலிக் கூடு விழுகிற அடிவாயில் விரலை வைத்துச் சுற்றினார். வழவழவென்று இருந்தது. குழந்தையின் கன்னம் கெட்டது போங்கள். பெர்த்தாவின் வாயில் வைத்தார். நான்காவது விரலும் போயிற்று.

மின்னாவின் வாயைச் சுற்றிலும் விளிம்பு உட்பக்கமாக, துப்பாக்கிக்குள், சுருட்டி மடித்திருந்தது. கோதுமை மணியின் தடிமனுக்கு ஒரு வரப்பு. தாழ்க்கட்டை அதற்கு மேலே உரசாமல் போய்விடும். நேராக விழும் கூடுகளும் தப்பித்துவிடும். பத்தில் ஒரு கூடு கொஞ்சம் சாய்ந்து விழும். அது அந்த வரப்பில் இடறி, பந்துபோல மேலே எகிறி, திரும்பி வரும் தாழ்க்கட்டையின் முன்னால் போய்க் குறுக்கே விழும்.

இதைவிட வெட்கமான விஷயம், அந்த மடிப்பை அவர் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். வரைபடத்தில் அது இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்து அவர் பார்த்த தகடு ஒவ்வொன்றிலும் அது இருந்தது. அதனால் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இருநூற்றுப் பதின்மூன்றாவது அளவு ஒன்றை எழுத வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றியிராது.

உடலைத் தூக்கிக்கொண்டு ஹுல்டாவின் மேசைக்குப் போனார். க்ரிகோலைட்டும் பின்னாலேயே வந்தார்.

"ஹுல்டா அம்மா, இதை யார் மடிச்சது?"

ஹுல்டா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். அவள் அங்கே சேர்ந்தபோது ஆல்வின் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர். அவர் பெரிய இஞ்சினியர் ஆனதில் அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

"நான்தான். ஏன், வெட்டுதா?"

"வெட்டலை."

"பின்ன என்ன பிரச்சனை?"

"வெட்டாததுதான் பிரச்சனை."

மேசையில் பதினான்கு ஜோடிக் கைகளும் நின்றன.

"காலையிலயே ஏதாவது குடிச்சீங்களா, தம்பி?" என்றாள் ஹுல்டா.

ஆல்வின் விளக்கினார். கூடு, வரப்பு, எகிறுதல், எல்லாம். கையால் செய்து காட்டினார். ஹுல்டா பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ ரெண்டாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் ஏன் மடிக்கலை?"

"அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கிறேன்."

ஹுல்டா யோசித்தாள். பிறகு மேசையின் கோடியில் இருந்த ஒரு பெண்ணை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். காலுறை ஆலையிலிருந்து புதிதாக வந்தவள், லீனா என்று பெயர்.

"நான் பல் பிடுங்கப் போன அன்னைக்கு முடிச்சது அது ரெண்டும். ஏன்டி, மடிக்கலையா நீ?"

"வரைபடத்துல போடலையே, அக்கா" என்றாள் லீனா.

"வரைபடத்துல மூச்சு விடுன்னும்தான் போடலை. நீ விடறியா இல்லையா?"

"ஹுல்டா அம்மா, அவளைத் திட்டாதீங்க" என்றார் ஆல்வின். "இந்தப் பொண்ணு பழக்கம் தெரியாம விட்டதுனாலதான் ரெண்டு துப்பாக்கி சுடுது. இனிமே யாரும் இந்த விளிம்பை மடிக்க வேண்டாம். நாளைக்கு கேப்டன் வர்றதுக்குள்ள ஆறும் அப்படி ஆகணும்."

"முடியாது" என்றாள் ஹுல்டா.

"ஏன்?"

"வெட்டும்."

"துப்பாக்கிங்க அது. வெட்டுறதைவிடப் பெரிய வேலையெல்லாம் பண்ணும்."

"அது அந்தப் பக்கம். நான் சொல்றது இந்தப் பக்கம், பிடிக்கிறவன் கை." அவள் க்ரிகோலைட்டின் விரலைப் பார்த்தாள். "அது என்ன துணி?"

க்ரிகோலைட் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். தாமதமாகிவிட்டது.

"எந்தத் துப்பாக்கி?"

"ரெண்டாம் நம்பர், அக்கா."

மேசை முழுதும் லீனாவைப் பார்த்தது. யாரோ மெல்ல, "எட்டு முட்டை" என்றார்கள். லீனாவின் முகம் வெளுத்தது.

"என் முட்டைச் சீட்டைத் தர்றேன்" என்றார் ஆல்வின். "ரெண்டு மாசச் சீட்டு. விட்டுடுங்க. மடிக்காம மட்டும் இருங்க."

"உங்க முட்டையைத் தின்னா அவர் விரல் ஒட்டிக்குமா? ஆயிரம் துப்பாக்கி போகும்னு சொல்றீங்க. ஆயிரம் பேர் விரல். அத்தனை ஐயெர்ஷெக்கேக்கு சாக்சனியில கோழி இருக்கா?"

ஆல்வின் உதவிக்கு க்ரிகோலைட்டைப் பார்த்தார். க்ரிகோலைட் தொண்டையைச் செருமினார்.

"அக்கா சொல்றது நியாயம், சார். மண்ணு போய் அடைச்சா, அந்த வாய்க்குள்ளதான் விரலை விட்டு நோண்டுவோம். குளிர்ல விரல் மரத்துப் போயிருக்கும். வெட்டினது தெரியவே தெரியாது, ரத்தம் தாழ்க்கட்டையில உறைஞ்சு, அதுலயே இன்னொரு தடவை நிக்கும்."

ஆக, மடித்தால் துப்பாக்கி நிற்கும். மடிக்காவிட்டால் கை போகும், அப்புறம் துப்பாக்கியும் நிற்கும். ஆல்வின் மின்னாவின் உடலை மேசைமேல் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தோட்டாப் பெட்டி எத்தனை கிலோ இருக்கும் என்று க்ரிகோலைட்டிடம் கேட்கலாமா என்று யோசித்தார்.

ஹுல்டாவுக்கு மனம் இளகியது. ஆனால் வேறு மாதிரிதான் அவளுக்குக் காட்டத் தெரியும். "விளிம்பு உள்ள இருந்தா உங்க கூடு இடறுது, அவ்வளவுதானே?" என்று ஒரு சண்டைக்குரலில் கேட்டாள்.

"அவ்வளவுதான்."

"அப்போ உள்ள ஏன் மடிக்கணும்?"

"எப்பவும் உள்ளதானே மடிப்போம். எண்ணெய் வெளிய சொட்டாம இருக்க."

"துப்பாக்கிக்கு யாரு எண்ணெய் ஊத்தி விளக்கு ஏத்தப் போறா?"

ஆல்வின் எழுந்து நின்றார்.

தொழுவ லாந்தரின் காற்றுமூடிக்கென்று அங்கே ஓர் அச்சு இருந்தது. விளிம்பை வெளிப்பக்கமாக, புனலின் வாய்போலச் சுருட்டும் அச்சு. பிரஸ்ஸிலிருந்து வந்து இன்னும் ஹுல்டாவின் மேசைக்கு வராத உடல்கள் அலமாரியில் எட்டு இருந்தன. உள்ளே மடித்ததை விரித்தால் தகடு விரிசல் விடும். அதனால் மின்னாவையும் மற்ற இரு அத்தைகளையும் பழைய உடலிலிருந்து புது உடலுக்குக் குடியேற்றுவது என்று முடிவாயிற்று. புது உடலின் அடிவாயை அந்த அச்சில் வெளியே மடி, பழையதிலிருந்து குழலைக் கழற்று, தாழ்க்கட்டையைக் கழற்று, புது உடலில் போடு. ஒன்றுக்குக் கால் மணி நேரம். மத்தியானத்துக்குள் மூன்றும் முடிந்தன.

"இப்போ பெர்த்தாவைக் குடுங்க" என்றாள் ஹுல்டா.

"பெர்த்தா எதுக்கு? அவ நல்லாத்தான் சுடறா."

"அவதான் கடிக்கிறா."

"ஹுல்டா அம்மா, நாளைக்குச் சோதனை. சுடுற துப்பாக்கி மேல கை வைக்காதீங்க. உங்க அச்சு கொஞ்சம் நழுவினா மூணு நல்லதும் போயிடும். நான் போயிடுவேன்."

"நாப்பது வருஷத்துல என் அச்சு நழுவினதில்லை. வெட்டுற சாமான் என் மேசையைத் தாண்டி வாசலுக்குப் போனதுமில்லை. கேப்டன் கையை வெட்டினா கேக்கை யாரு சுடுவா, நீங்களா?"

ஆல்வின் பெர்த்தாவையும், கடிக்கிற மற்ற இரண்டையும் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அச்சு இறங்கும் சத்தம் மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் தோளைக் குறுக்கிக்கொண்டார். சுட்டுப் பார்க்க மீதி இருந்த தோட்டாக்கள் எல்லாம் நேற்றே தீர்ந்துவிட்டன. புதுத் தோட்டா கேப்டனோடுதான் வரும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கேப்டன் ஃபோன் டெம்னிட்ஸ் வந்தார். வாசல் அறையில் கையை விறைப்பாக நீட்டி வணக்கம் வைத்தார். அந்த அறையின் கூரை தாழ்வு, மாதிரி லாந்தர்கள் வரிசையாகத் தொங்கும். போன முறைபோலவே கை ரயில்வே லாந்தரில் இடித்தது. லாந்தர் ஆடியது. அதன் விளிம்பு மடித்திருந்ததால் கேப்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இதை இன்னும் கழட்டலையா?"

"அறுபது வருஷமா அங்கதான் தொங்குது, கேப்டன் சார்" என்றார் முதலாளி. "அப்போ யாரும் கையை அவ்வளவு உயரத் தூக்கலை."

முதலாளி என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று கேப்டன் யோசிப்பதற்குள் ஆல்வின் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார்.

கேப்டன் முதலில் தேர்ந்தெடுத்தது பெர்த்தாவை. ஆல்வினுக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளவும் கை வரவில்லை. க்ரிகோலைட் படுத்து, ஐம்பது தோட்டாப் பட்டையை மாட்டினார். துணி கிழிந்தது. இரண்டரை விநாடி. கிழிந்து முடிந்தது. பட்டை காலி. தரையில் ஐம்பது கூடுகள் குவிந்து கிடந்தன.

"அடுத்தது" என்றார் கேப்டன்.

மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர், ஆறாம் நம்பர், ஆல்வின் கையால் செய்த முதலாம் நம்பர். ஐம்பது, ஐம்பது, ஐம்பது, ஐம்பது.

மின்னா அத்தைக்கு மட்டும் கேப்டன் ஐந்து பட்டைகளைக் கோத்து இணைக்கச் சொன்னார். இருநூற்றைம்பது. போன முறை அவருக்கு முன்னால் ஏழில் நின்றவள் அவள்தான். க்ரிகோலைட் விசையை அழுத்தினார். பன்னிரண்டரை விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று ஆல்வினுக்கு அன்றுதான் தெரிந்தது. கூடுகள் அடிவாயிலிருந்து அருவிபோலக் கொட்டின. குழல் சூட்டில் நீலம் பாரித்தது. சத்தம் நின்றபோது பட்டை முடிந்துதான் நின்றது. க்ரிகோலைட் தடித்த துணியால் குழலை விலாப்புறமாக உருவி எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார், அது சீறியது.

கேப்டன் மின்னாவைப் புரட்டி அடிவாயில் விரலை விட்டார். சுற்றிலும் தடவினார். விரலை எடுத்துப் பார்த்தார். ரத்தம் இல்லை. பிறகு கையை நீட்டி மஞ்சள் காகிதத்தைக் கேட்டு வாங்கி, மின்னாவின் முதுகிலேயே வைத்து, இன்னும் ஒரு வருடத்துக்கு என்று கையெழுத்திட்டார்.

"என்ன பண்ணீங்க, ஹெர் போமிக்? ஒரே வாக்கியத்துல சொல்லுங்க. பெர்லின்ல எழுதணும்."

ஆல்வின் ஒரே வாக்கியத்தில் எதையும் சொல்லிப் பழகாதவர். அதனால் வரைபடத்தை விரித்து, அன்று காலை தான் எழுதிச் சேர்த்திருந்த இருநூற்றுப் பதின்மூன்றாவது குறிப்பை அப்படியே படித்தார்:

"காலிக் கூடு விழும் அடிவாயின் விளிம்பைச் சுற்றிலும் வெளிப்பக்கமாக மடிக்கவும், உட்பக்கம் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது."